ராஜாம்பாளின் உண்ணாவிரதம்

"வேணாம்னா வேணாம். எம்புள்ள எதிர்ல உக்காந்து துன்னாதான் நானும் துன்னுவேன்!"

ராஜாம்பாள் தட்டை அறைக்கு வெளியே தள்ளிவிட்டார். வார்டன் செல்வராணி தட்டை மறுபடியும் உள்ளே நகர்த்தினாள். சர்க்கரை மாத்திரை போடுகிற உடம்பு. பட்டினியில் மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது?

கொரோனா வந்து செஞ்சிக் கோட்டைக்கே கதவைச் சாத்திவிட்டார்கள். முதியோர் இல்லம் எந்த மூலை? ஆளுக்கொரு அறை, வெளியாள் யாரும் வரக்கூடாது. மகன் சிவசங்கர் சென்னையில் பாஸ் கிடைக்காமல் கிடந்தான்.

வீடியோ காலில் அவனைக் காட்டினாள் செல்வராணி.

"டிவில வர்றவன்லாம் எனக்குப் புள்ளயா? எடுத்துக்கினு போ!"

பக்கத்து அறை செல்லம்மாளுக்கோ திடீரென்று பசி கூடிப்போய், தினமும் நாலு இட்லி கூடுதலாகக் கேட்டார். ஒருத்திக்குப் பட்டினி, ஒருத்திக்கு அகோரப் பசி. நல்ல இல்லம் போங்கள்!

அந்தச் செல்லம்மாள்தான் ஜன்னல் வழியாகக் கிசுகிசுத்தார். "அவளுக்குக் கண்ணு மங்கல்மா. நம்ம வாட்ச்மேன் சேசுவுக்கு மாஸ்க்க மாட்டி உக்கார வையேன். இன்னா தெரியப்போவுது?"

போன மாசம் அம்மாவும் போய்ச் சேர்ந்தபிறகு அனந்தபுரம் வீட்டில் யாருமில்லை என்று இங்கேயே தங்கிவிட்டவன் சேசுராஜ். காக்கிப் பேன்ட் இடுப்பில் நிற்காமல், பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டிருந்தான்.

"யக்கா, நானா? பேசுனா குரல் காட்டிக் குடுத்துடும்."

"தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடுறேன்."

"இந்த நேரத்துல தொண்டைன்னு சொன்னா ஆம்புலன்ஸ் வந்துடும்க்கா!"

செல்வராணி விடவில்லை. ஆபீஸ் வாசலில் மங்கலான பிளாஸ்டிக் ஷீட் தொங்கியது. தொட்டுப் பேச இரண்டு துளை போட்டு, மாட்டு டாக்டர் சினை ஊசி போடும்போது தோள் வரைக்கும் மாட்டுகிற கையுறையை அதில் ஒட்டினாள்.

"ஐயே, யக்கா!"

"புதுசுதான்டா. பேசாம உக்காரு."

ராஜாம்பாள் வந்தார். இரண்டு கையையும் உள்ளே விட்டு, சேசுராஜின் கன்னத்தைப் பிடித்தார்.

"இப்படி இளைச்சிப்பூட்டியேடா சங்கரு! துன்னு ராஜா, துன்னு."

அவன் மாஸ்க்கை இறக்கி ஒரு வாய் வைத்தால், அவரும் இந்தப் பக்கம் ஒரு வாய். தட்டு காலி! செல்வராணிக்குக் கோட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது.

சந்தோஷம் மறுநாள் காலை வரைக்கும்தான்.

"ராஜாம்பா புள்ளைக்கு மட்டும்தான் பாஸா?" என்று எதிர் அறை பாவாடை தாத்தா தட்டைத் தள்ளினார். "எம்புள்ளையும் வரணும்."

"எனக்கு மாப்ள வரணும்," என்றார் செல்லம்மாள். "வந்தா முட்டை வச்சிக் குடு."

இப்படியாக சேசுராஜ் காலையில் பாவாடையின் மகன், மதியம் ராஜாம்பாளின் மகன், சாயங்காலம் செல்லம்மாளின் மாப்பிள்ளை. வேளைக்கொரு சட்டை, வேளைக்கொரு தட்டு.

"யக்கா, மாப்ளைன்னு மூணு முட்டை வைக்கிறாங்க. மூச்சு முட்டுதுக்கா!"

"மூணு உசிரு உன் வாயில இருக்குதுடா. முழுங்கு!"

ஒரு மதியம், சேசுராஜ் ஷீட்டுக்குப் பின்னால் சிவசங்கராக உட்கார்ந்து வடையைக் கடித்துக்கொண்டிருந்தபோது, கேட்டில் ஒரு கார் வந்து நின்றது.

"அம்மா! பாஸ் கெடச்சிடுச்சிமா!"

அசல் சிவசங்கர்!

போச்சு. குட்டு உடைந்தது. இனி இந்த அம்மாள் ஜென்மத்துக்கும் சாப்பிடமாட்டார். செல்வராணி ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தலாமா என்று பார்த்தாள். சமூக இடைவெளி தடுத்தது.

ராஜாம்பாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அங்கியே இருடா சங்கரு, வரேன். இவன் இன்னும் ரசஞ்சோறு பாக்கி வச்சிருக்கான்."

செல்வராணி ராஜாம்பாள் பக்கம் ஓடிவந்தாள். "அப்போ... உங்களுக்குத் தெரியுமா?"

ஜன்னலில் செல்லம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அம்மாவ அடக்கம் பண்ணக்கூடப் போவ முடியாம, ஒரு மாசமா தட்டத் தொடாம கெடந்தவன துன்ன வைக்க எங்களுக்கு வேற வழி தெரியலம்மா, அந்தக் கூடுதல் இட்லியெல்லாம் ராஜாம்பா வவுத்துலதான் இருக்குது. டேய் சேசு, எழுந்து நில்லு, உன் பெல்ட்டு இப்ப எந்த ஓட்டையில நிக்குதுன்னு வார்டனம்மாக்குக் காட்டு!"