காதுப் பரீட்சை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். அந்த ஐந்து வருஷத்திலும் பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு பதில்கூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. (நல்ல குணத்தால் இல்லை. எனக்கே பதில் தெரியாது.) ஆனால் அறுபது வயதுக்கு மேல் ஒரு பரீட்சையில் ஒருவருக்கு எல்லாப் பதிலையும் சொல்லிக் கொடுத்துப் பாஸாக்கிவிட்டேன். அவர் பெயிலாக வேண்டிய பரீட்சை அது.

அவர் என்றால் எங்கள் வீட்டுக்காரர். பீரங்கிப் படையில் பதினேழு வருஷம் இருந்தவர். பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று நின்று இரண்டு காதும் மங்கிவிட்டது. பட்டாளத்தில் இருந்தபோது சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. அன்னூருக்குத் திரும்பி வந்த பிறகு சொன்னால் கேவலம் என்று சொல்லவில்லை.

அதனால் நான் அவருக்குக் காதானேன். யாராவது அவரிடம் பேசினால் முழங்கையை லேசாகத் தொடுவேன். என் முகத்தைப் பார்ப்பார். நான் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைப்பேன். அதைப் படித்து அவர் டாண் என்று பதில் சொல்லிவிடுவார். கல்யாண வீடு, ரேஷன் கடை, பஸ், எங்கே போனாலும் இதே வேலை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். சத்தமில்லாமல் பேசுவது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. சங்கதி தெரியாத பெண்கள், "இந்த வயசுலயும் பாரேன், புருசனத் தொடாம நிக்கமாட்டேங்கறா" என்று என் காதுபடவே சிரிப்பார்கள். வெட்கத்தில் செத்துப்போவேன். ஆனாலும் கையை எடுக்கமாட்டேன்.

மில்லில் அவர் பார்த்த காவல் வேலைக்கு நான் கூடப் போக முடியாதே. ஒரு நாள் கேட்டில் நின்றபோது பின்னால் வந்த லாரியின் ஹாரன் அவருக்குக் கேட்கவில்லை. டிரைவர் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தார். மறுநாளே மேனேஜர் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதே குறைந்துபோனது.

அப்போதுதான் சுபேதார் சூசை அண்ணனிடம் போனோம். அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர். சர்ச் வீதியில் வீடு. ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்குப் பென்ஷன் மனு, ஊனத்துக்கு உதவித்தொகை மனு எல்லாம் சும்மாவே எழுதிக் கொடுப்பார். எங்கள் பழைய காகிதங்களைப் புரட்டி, டிஸ்சார்ஜ் ஆனபோது 'காது சற்றுக் குறைவு' என்று யாரோ எழுதியிருந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தார். புதையல் எடுத்தவர் மாதிரி அதைத் தட்டிக் காட்டினார்.

"இது போதுமுங்க. பீரங்கியாலதான் காது போச்சுன்னு பட்டாளமே ஒத்துக்கும். ஊன பென்ஷன் வரும், காது மிஷினும் குடுப்பாங்க. ஆனா டாக்டருங்க கூப்பிட்டுப் பரிசோதிப்பாங்க. அங்க போயி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கப்படாது. கேக்கலீனா கேக்கலீங்கன்னு சொல்லோணும். புரிஞ்சுதுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்தேன்.

"புரிஞ்சுதுங்க!" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

(அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.)

ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்து கடிதம் வந்தது. அவர் சட்டையை நானே தேய்த்துக் கொடுத்தேன். அங்கே காது பார்க்கும் மிஷின் அன்றைக்குப் பழுது. அதனால் வாயால் சொல்லிப் பார்க்கிற பரீட்சைதான் என்றார்கள். டாக்டரம்மா சின்ன வயது, நல்ல தமிழ் பேசினார். இவருக்குச் சொன்னது விளங்கவில்லை என்றதும், "நீங்களும் உள்ள வாங்கம்மா" என்று என்னைக் கூப்பிட்டுக் கதவோரம் நாற்காலி போட்டார். இவரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டு, அறையின் அந்தக் கோடிக்குப் போனார். நான் உட்கார்ந்திருந்தது அந்தச் சுவருக்குப் பக்கத்தில்.

முதுகு டாக்டருக்கு. முகம் எனக்கு.

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க ஐயா. பால்."

சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஈ உட்கார்ந்தால் கை தானாகப் போகிற மாதிரி உதடு அசைந்துவிட்டது.

"பாலு!" என்றார் அவர், கவாத்து மைதானக் குரலில்.

"மாடு."

இதில் ஒரு சிக்கல். 'மா' சொன்னாலும் 'பா' சொன்னாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். "பாடு!" என்றார். டாக்டரம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வீடு."

என் உதடு எங்கள் ஊர் உதடுதானே. "ஊடு!" என்றார் அவர்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான் ஐயா."

நானும் சிரித்தேன். எவ்வளவு பெருமை எனக்கு! பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளை பாட்டுப் பாடும்போது கீழே உட்கார்ந்து வாயசைப்பாளே ஒரு தாய், அவளைப் போல் இருந்தேன். பத்துப் பதினைந்து சொல் முடிந்தது. கடைசியாக, "வேற ஏதாவது சிரமம் இருக்கா ஐயா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். பெரிய மனுஷர் நலம் விசாரித்தால் நாம் என்ன சொல்லிப் பழகியிருக்கிறோம்?

"ஒண்ணும் கொறையில்லீங்க, நல்லா இருக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டார். அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

நாலு மாதம் கழித்துச் சுபேதார் அண்ணன் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். வாசலில் நின்றபடியே இங்கிலீஷ் கடிதத்தைப் படித்துவிட்டு இவரிடம் சொன்னார்.

"ஒங்க காது நல்லா இருக்குதாமுங்க."

"ஆ?"

"காது! நல்லா இருக்குதாம்!"

"எதுங்க?"

"கா...து! ஒங்களுக்கு நல்லாக் கேக்குதாமுங்க!"

சர்ச் வீதி முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். கேட்காத ஒரே ஆள் அவர்தான். வழக்கம்போல என் பக்கம் திரும்பினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் உதடு அசையவில்லை. ஆஸ்பத்திரியில் நான் செய்தது என்ன என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது.

ஒப்புக்கொண்டேன், வாய்விட்டு, நடு வீதியில். சுபேதார் அண்ணன் தலையில் கையை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "அம்மிணி, ஒரு பட்டாளத்தையே ஏமாத்திப் போட்டீங்களே!" என்று சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கேட்டேன். கேக்கலைன்னு சொல்லத்தானே போனோம், நீங்களாவது பேசாமல் இருந்திருக்கலாமே என்று. "நீ சொன்னே, நாஞ் சொன்னேன். முப்பது வருசமா அதுதான வழக்கம்?" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அப்பீல் எழுதினோம். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மறுபடி கூப்பிட்டபோது சுபேதார் அண்ணனே கூட வந்தார். என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து, "இங்கிருந்து அசையப்படாது" என்று விரலை ஆட்டிவிட்டு அவரை மட்டும் உள்ளே அனுப்பினார். கதவைச் சாத்தினார்கள். கதவுக்கு மேலே வென்டிலேட்டர் ஜன்னல் திறந்திருந்தது.

"பால்" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

பதில் இல்லை.

"பால்." இன்னும் சத்தமாக. பதில் இல்லை. வேறொரு சொல். அதற்கும் இல்லை. பிறகு அவர் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள், வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அவருக்குக் கொஞ்சம் கேட்கும், நான் ஒத்தாசைதான் செய்கிறேன் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை. நான் பக்கத்தில் இல்லாத நேரமெல்லாம், அந்த மில் கேட்டில், சாமி கும்பிடப் போன இடத்தில், மனுஷர் இப்படித்தான் நின்றிருக்கிறார். வராந்தாவின் வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு சொல்லுக்கும் என் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த ஒருவர் நான் ஜெபம் செய்கிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்.

கதவு திறந்தது. "அம்மிணி! அத்தனையும் பெயிலு!" என்று வராந்தாவே அதிரக் கத்திக்கொண்டு இவர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரிப்பது மாதிரி உதட்டை வைத்துக்கொண்டேன். அவருக்கு உதடு போதுமே.

பென்ஷன் வந்தது. மிஷினும் வந்தது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு மிக்ஸி சத்தம், தெருநாய், டிவி எல்லாம் கேட்டுவிட்டு, "இத்தன எரைச்சல்லயா நீங்கெல்லாம் குடியிருக்கறீங்க?" என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். பழையபடி என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாலு நாள் கண் திறக்கவில்லை. "பேசுங்கம்மா, நெனவு இல்லீனாலும் காதுல உழுகும்" என்றாள் நர்ஸ். அவளிடம் என்னத்தைச் சொல்வேன்? நான் பேசினால் அவர் பார்க்க வேண்டும். பார்க்காமலேயே போய்விட்டார்.

சுபேதார் அண்ணன் மனு எழுத வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் கொடுப்பார். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், ஆதார், நாலு போட்டோ. இப்போது அதில் கடைசியாகப் பேனாவில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'மனைவி வெளியே இருக்கவும்.' ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்து அது காங்கேயம், பவானி வரைக்கும் போயிருக்கிறதாம். பட்டாளத்துக்காரர்கள் அதை 'அன்னூர் சட்டம்' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். என் மகளும் வீட்டுக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் இந்தக் கதையை என்னை வைத்துக்கொண்டே சொல்லுவாள். 'ஊடு' வரும்போது எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும்தான்.

சில பெண்கள் புருஷனைச் சுபேதார் அண்ணன் வீட்டில் உட்காரவைத்துவிட்டு, என்னைத் தேடி வந்து கேட்பார்கள். "ஏனுங்க்கா, நாங்க வெளிய இருந்தாப் போதுங்களா?"

"போதாது கண்ணு. கதவச் சாத்துனதும் ஒங்க காதப் பொத்திக்கோணும்" என்பேன்.

அதையும் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போவார்கள்.