ஹார்டில்பி வம்சத்தின் தாயகம்

உலக வரலாற்றில் ரோமப் பேரரசுக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்கது ஹார்டில்பி வம்சம். அந்த வம்சத்தில் பிறந்தவன் என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, அதனால் சொல்கிறேன்.

லீட்ஸ் நகரத்துக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் காலமெல்லாம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற நான், மறுநாளே 'அகில உலக ஹார்டில்பி கழக'த்தின் நிரந்தரத் தலைவர் ஆனேன். போட்டியே இல்லை. என் அண்ணன் ராய், அவன் மனைவி, கனடாவில் யாரோ ஒருவர், இவர்கள்தான் 'அகில உலகம்'. தபாலில் வரவழைத்த குலச்சின்னமும் எங்களுக்கு உண்டு: வாளேந்திய கரடி. அதைக் கழுத்துப்பட்டையிலும் தேநீர்க் கோப்பையிலும் பொறித்துக்கொண்டோம். என் மனைவி மாரீன் அந்தக் கோப்பையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் போட்டு வைத்திருக்கிறாள்.

லிங்கன்ஷயரில் ஹார்டில்பி என்றே ஒரு கிராமம் இருக்கிறது. ஊர்ப் பெயர் எங்கள் பெயர் என்றால் ஊரும் எங்களுடையதுதானே? அதன் எல்லையில் 'ஹார்டில்பிகளின் தாயகம்' என்று கரடியோடு ஒரு பலகை நடாமல் கண்ணை மூட மாட்டேன் என்று சபதம் செய்தேன்.

"கண்ண மூடறதுக்கு முன்னாடி குளியலறைக் கொழாயச் சரி பண்ணிடு, கிளைவ்" என்றாள் மாரீன்.

நானும் ராயும் மழையில் அங்கே போய்ச் சேர்ந்தோம். ஊர் மண்டபத்தில், 'கோப்பைகளைக் கழுவி வைக்கவும்' என்ற அறிவிப்பின் கீழ், ஊர் மன்றம் கூடியது. தலைவி மிஸஸ் பெக் தேநீர் ஊற்றி, கேக் வெட்டிக் கொடுத்தார். நான் எழுந்து, ஆயிரம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்தைப் பிடிக்க வந்த மன்னரோடு கப்பலேறி வந்து இவ்வூரை ஆண்ட எங்கள் மூதாதையைப் பற்றி விரிவாக உரையாற்றினேன். ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் எதையும் விட்டுவைக்காத அளவுக்கு அவர் தன்னடக்கம் மிக்கவர் என்றேன்.

"இப்ப இந்த ஊர்ல ஹார்டில்பிங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் மிஸஸ் பெக்.

"இல்லை."

"சர்ச் கல்லறையில?"

"எல்லாருமே அடக்கமானவங்க மேடம்."

"அடக்கம் பண்ணக்கூட ஒருத்தரும் மிஞ்சலையே! ஊருக்குள்ள இருக்கறவன யாராவது ஊர்ப் பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களா? இங்க எல்லாருமே ஹார்டில்பிக்காரங்கதான். வேற ஊர்ல போய் நின்னவனத்தான் அங்க உள்ளவங்க அப்படிக் கூப்பிட்டிருப்பாங்க. இங்கேருந்து கெளம்பினாத்தான் மிஸ்டர், இந்தப் பேரே கெடைக்கும்."

"அவரா கெளம்பினாரா, தொரத்திவிட்டாங்களா?" என்று ஆவலாகக் கேட்டான் ராய். என் வம்சத்தின் எதிர்க்கட்சி அவன்.

மன்றம் தீவிரமாக ஆலோசித்தது. "பாவம், இந்த மழையில வந்திருக்காங்க" என்றார் ஒருவர். பலகைக்கு ஏகமனதாக அனுமதி கிடைத்தது. ஆனால் ஊருக்குள் நுழைகிற இடத்தில் அல்ல; ஊரை விட்டுப் போகிற பக்கத்தில், 'நன்றி, பார்த்துப் போங்கள்' என்று எழுதியிருக்கிறதே, அதற்கு அடியில்.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பலகை பலகைதானே! கழுத்துப்பட்டைக் கரடியை நிமிர்த்திவிட்டுக்கொண்டு, மிச்சமிருந்த கேக்கைக் காகிதத்தில் சுருட்டி எடுத்து, வம்சத்தை வெற்றிநடையாக வாசலுக்கு வழிநடத்தினேன்.

பின்னால், எங்கள் எச்சில் கோப்பைகளைத் தொட்டியில் அடுக்கிக்கொண்டே மிஸஸ் பெக் சொன்னது காதில் விழுந்தது:

"அன்னிக்கு ஏன் தொரத்தினாங்கன்னு இப்பத்தான் தெரியுது."