குணாளன் மதம் மாறிய வியாழக்கிழமைகள்

"நீங்க மதம் மாறிட்டீங்களா?"

கஸ்தூரி கேட்டபோது குணாளன் வாயில் இட்லி இருந்தது. அதை விழுங்குவதற்குள் அவளுடைய அடுத்த பேச்சும் வந்துவிட்டது.

"குளுவாங் மாதா கோயில் வாசல்ல வியாழக்கிழமையானா உங்க காடி நிக்குதாம். யோங் பெங் ஊரே பேசுது."

கார் நின்றது உண்மைதான், ஆனால் குணாளன் எந்த மதத்துக்கும் மாறவில்லை. குடியை விட்டுக்கொண்டிருந்தான். குடியை விட நினைப்பவர்கள் கூடித் தமிழில் பேசும் குழு ஒன்றை இணையத்தில் தேடியபோது, பக்கத்தில் அகப்பட்டது குளுவாங்கில்தான். அது கூடுவது மாதா கோயில் மண்டபத்தில். இடம் மட்டும்தான் மாதா கோயிலுடையது. வருகிறவர்களில் பாதிப்பேர் திருநீறு பூசியவர்கள்.

இதைப் பெண்டாட்டியிடம் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். சொல்லிச் சொல்லித்தான் அலுத்துவிட்டதே. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஊரறியக் குடியை விடுவான். மாலையைக் கழற்றியதும் நேரே கடைக்குப் போவான். போன தடவை "விட்டுட்டேன்" என்றபோது கஸ்தூரி கோபப்படக்கூட இல்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியவில்லை. இந்த முறை முதலில் விடுவது, அப்புறம் சொல்வது என்று முடிவு கட்டியிருந்தான்.

"வயரிங் வேலைலா," என்றான். எலக்ட்ரிஷியன் ஆனதால் பொய்யும் தொழிலை ஒட்டியே வந்தது.

"வாரா வாரம் அதே கட்டடத்துல என்ன வயரிங்?"

"பழைய கட்டடம்."

கஸ்தூரி நம்பவில்லை. அவளிடம் வேறு ஆதாரங்களும் இருந்தன. குழம்பில் உப்பு கூடிய அன்று அவன் தட்டைத் தள்ளாமல் சாப்பிட்டு எழுந்தான். அதோடு விட்டானா? "உன்னை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேன், மன்னிச்சிரு" என்று வேறு சொன்னான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை அது. பயந்துபோய் அவள் அன்றைக்கு இரண்டாவது முறையாகச் சாமி விளக்கை ஏற்றினாள்.

அடுத்த வியாழன் குணாளன் காரை இரண்டு தெரு தள்ளி, ஒரு பீர்க்கடை வாசலில் நிறுத்தினான். குடிகாரன் என்பது ஊருக்குப் பழகிப்போன பேச்சு, பேசிவிட்டுப் போகட்டும். நம்பும்படி இருக்க ஒரு டின் வாங்கிச் சட்டையில் தெளித்துக்கொள்ளலாம் என்று உள்ளே போனான். சில்லென்ற டின்னைக் கையில் எடுத்ததும் விரல் தானாகவே திறப்பு வளையத்துக்குப் போனது. இது சட்டைக்குப் போகாது, வாய்க்குத்தான் போகும் என்று தெரிந்துவிட்டது. உண்மையாகவே பயந்தான். டின்னை வைத்துவிட்டு மண்டபம் வரை ஓடினான்.

வீடு திரும்பியதும் கஸ்தூரி வாசலிலேயே மோந்து பார்த்தாள்.

"பீர்க்கடை வாசல்ல காடி நின்னுச்சாமே?"

"ஆமா, குடிச்சேன்."

"வாடையே இல்லையே."

"குடிச்சேன்னு சொல்றேன்ல?"

"குடிச்சிருந்தா குடிக்கலைன்னுதானே சொல்வீங்க."

மதம் மாறியதை மறைக்கக் காரையே ஒளிக்கும் அளவுக்கு முற்றிவிட்டது என்று கஸ்தூரி முடிவு செய்தாள். நேரே ஊர்க் கோயில் தலைவர் ராஜசேகரன் வீட்டுக்குப் போனாள். ராஜசேகரன் பெரிய மீசைக்காரர். மீசையைவிடக் குரல் பெரிது. அவர் காதில் விழுந்த சேதி அன்றே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். முதுகுவலிக்காகத் திங்கட்கிழமைதோறும் குளுவாங் போய் எண்ணெய் தேய்த்துக்கொள்வார் என்பதால் அன்று மட்டும் கோயில் கூட்டம் கிடையாது.

"குளுவாங்கா?" என்று இழுத்தார் தலைவர். "வயரிங்காதான் இருக்கும். விடும்மா."

"கோயில் தலைவர் பேசுற பேச்சாய்யா இது? நீங்க வரலைன்னா நான் உங்க வாசல்லயே உக்காந்துருவேன்."

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை தலைவர் அவளோடு வந்தார்.

மண்டபத்துக்குள் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. குணாளன் பேச எழுந்த நேரம் கஸ்தூரி கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் தலைவர்.

"கிளம்புங்க. நம்ம சாமி உங்களுக்கு என்ன குறை வச்சுது?"

'வயரிங்' என்று சொல்லத்தான் குணாளன் வாய் திறந்தான். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அது வரவில்லை.

"நான் மதம் மாறல கஸ்தூரி. குடிய விட வந்தேன். முழுசா விட்டுட்டேன்னு இன்னும் சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த வாரமும் வருவேன். நீ சிரிச்சாலும் வருவேன்."

கஸ்தூரி சிரிக்கவில்லை. அழுதாள். "இதைப் போயா மறைச்சீங்க?" என்று பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனாள்.

"அதுல வேணாம்மா, கால் ஆடும்," என்று தலைவர் வேறொன்றை இழுத்துப் போட்டார்.

அப்போதுதான் குணாளனுக்குத் தலைவரின் நினைவே வந்தது. நாளைக்கே ஊர் சிரிக்கும்.

"ஐயா, வெளிய சொல்லிராதீங்க."

"நான் ஏன்பா சொல்லப் போறேன்," என்றார் ராஜசேகரன். அந்தப் பெரிய குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்கவில்லை.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் கெர்ட்ரூட் அம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். தலைவரைக் கண்டதும் நின்றார்.

"என்னங்கய்யா, நீங்க திங்கக்கிழமை குழுவாச்சே, இன்னிக்கு வந்திருக்கீங்க? சரி உக்காருங்க, உங்க கப்பை எடுத்துட்டு வரேன்."