கிராணி தராசில் நான் நாற்பத்தெட்டு கிலோ

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. (ஏழாவது என் நாத்தனார் மகன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போடுகிறவன் அவன் ஒருவன்தான். பெற்ற ஆறும் இதைப் படிக்கட்டும்.) இத்தனை பேருக்கு ஆக்கிப்போட்டு ஆளாக்கினவளுக்குத் தன் உடம்பு எவ்வளவு இருக்கணும் என்று தெரியாதா? தெரியாது என்று ஒரு சின்னப் பெண் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அதைவிடக் கொடுமை, அவள் சொன்னது சரி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. இப்போதும் முழு மனசோடு சொல்லவில்லை.

எல்லாம் வலது முட்டியில் ஆரம்பித்தது. ஈப்போவில் இந்த வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. தனியாக இருக்கிறேனே தவிர, குறையாக இல்லை. காலையில் பாசாருக்கு நடந்து போவேன், மீன்காரனிடம் சண்டை போடுவேன், வந்து சமைப்பேன். முட்டி மடங்காமல் போனதும் பாசார் நின்றது. ஒருநாள் குளிக்கிற இடத்தில் வழுக்கி, வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது எப்படியோ காஜாங்கில் இருக்கிற மூத்தவன் காதுக்குப் போய்விட்டது.

"அம்மா, வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடுங்கம்மா" என்றான்.

அவன் வீடு பதினாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் இன்னொருத்தர் ஜன்னல் தெரியும். வாசலில் துணி காயப் போட்டால் காவலாளி மேலே வந்து கேட்பான். அங்கே போய் நான் என்ன செய்வது? லிப்டில் ஏறி இறங்குவதா?

எலும்பு டாக்டர் ஒரு வழி சொன்னார். முட்டியை மாற்றி வைத்தால் பழையபடி நடக்கலாம். ஆனால் எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி. ஆகக் கணக்கு இதுதான்: எடை இறங்கினால் முட்டி, முட்டி கிடைத்தால் என் வீடு. இறங்காவிட்டால் பதினாலாவது மாடி.

அதற்காகத்தான் கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். ஷாமினி என்று பேர். என் கடைசிப் பேத்தி மாதிரி முகம், தலைமை ஆசிரியை மாதிரி பேச்சு. முதலில் தராசில் நிற்கச் சொன்னாள். எண்பத்தொன்று என்று காட்டியது.

"இந்தத் தராசு சரியில்ல" என்றேன்.

"போன மாசம்தான் சரிபார்த்தாங்க, பாட்டி."

"நீ ஏறி நில்லு, பார்ப்போம்."

பாவம், ஏறி நின்றாள். ஐம்பத்திரண்டு. அவள் இருக்கிற இருப்புக்கு அது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை. மருந்து கொடுக்கிற மிஸியையும் கூப்பிட்டு நிறுத்தினேன். (இது என் பழக்கம். எந்தத் தராசையும் நான் நம்பமாட்டேன். பாசாரில் இறால் நிறுக்கிறவன் என்னைக் கண்டால் தட்டைத் துடைத்துவிட்டுத்தான் நிறுப்பான்.)

அப்புறம் ஷாமினி கேட்டாள். "பாட்டி, நீங்க எவ்வளவுக்கு இறங்கலாம்னு நினைக்கிறீங்க?"

"நாப்பத்தெட்டு" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "நாப்பத்தெட்டு வேணாம் பாட்டி. இந்த வயசுல அவ்வளவு இறங்குனா உடம்புல இருக்கிற சதை பலமே போயிடும். உங்களுக்கு இனிப்புநீர் வேற இருக்கு, சர்க்கரைக்கு மாத்திரை போடுறீங்க. இப்போதைக்கு அஞ்சு கிலோ போதும். ஆறு மாசம் எடுத்துக்குங்க. எழுபத்தாறு வந்தா டாக்டர் தேதி கொடுத்துடுவாரு."

அஞ்சு கிலோவா? அஞ்சு கிலோ என்பது ஒரு அரிசிப் பை. ஆறு மாசம் போராடி ஒரு அரிசிப் பையை இறக்கி வைக்கத்தான் எனக்கு முடியும் என்று நினைத்தாளா? பதினாறு வயதில் தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் ரப்பர்ப் பால் வாளி தொங்க மேடும் பள்ளமுமாக நடந்தவளைப் பார்த்தா?

"பாப்பா, என் கல்யாணத்தப்போ நான் நாப்பத்தெட்டு. இருந்த எடைதானே? திரும்பப் போறதுக்கு என்ன? வாரேன், பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். (எழுந்தேன் என்றால், மேசையைப் பிடித்து, மிஸியைப் பிடித்து, எழுந்தேன்.)

அந்த நாற்பத்தெட்டின் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் அப்போது சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினோம். கோப்பையில் உறைந்துபோன கட்டிப்பாலை மூட்டையாகக் கொண்டுவந்து ஸ்டோரில் நிறுக்க வேண்டும். கிராணி, அதாவது கணக்கு எழுதுகிற ஐயா, பக்கத்தில் நின்று எடை எழுதுவார். தரையோடு இருக்கிற பெரிய தராசு அது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூட வேலை செய்த பெண்கள் என்னைப் பிடித்து அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். நூற்று ஐந்து ராத்தல். "கொடி மாதிரி இருக்கா" என்று என் மாமியார் வரைக்கும் செய்தி போனது. நான் அதை ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். மருமகள்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன். பேத்தி யாழினிதான் போனில் தட்டி, நூற்று ஐந்து ராத்தல் என்றால் நாற்பத்தேழு கிலோவும் கொஞ்சமும் என்றாள். நான் தாராளமாக நாற்பத்தெட்டு என்று வைத்துக்கொண்டேன்.

கிளினிக்கிலிருந்து வந்த அன்றே சோற்றை நிறுத்தினேன். காலையில் பார்லி தண்ணி, மத்தியானம் பப்பாளி, சாயங்காலம் கோபம். இரண்டு வீடு தள்ளி இருக்கிற மாரியாயி எட்டிப் பார்த்தாள். என்னோடு அடுத்த நிரையில் மரம் வெட்டினவள். தோட்டத்தில் மரத்துக்கு மரம் கூப்பிட்டுப் பேசின தொண்டை, தாமான் குடியிருப்பில் ஒட்டி ஒட்டி இருக்கிற வீட்டுக்குள் வந்தும் இறங்கவில்லை.

"என்னடி அஞ்சலை, அடுப்பு பத்த வைக்கலியா?"

"எடை குறைக்கிறேன்."

"எவ்வளவுக்கு?"

"அது உனக்கு எதுக்கு?"

"இனிப்புநீர் மாத்திரையைப் போட்டுட்டு சோறு திங்காம இருக்கியா? முட்டிக்கு வேற ஆஸ்பத்திரி லா. உனக்கு நேரா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான்."

நான் கதவைச் சாத்தினேன். இரண்டு வாரத்தில் நான்கு கிலோ இறங்கியது. யாழினி வீட்டுத் தராசில்தான் பார்த்தேன். (அவளையும் அவள் தம்பியையும் முதலில் நிறுத்திப் பார்த்த பிறகுதான்.) கடைசி மகள் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை உள்ளே போனது. மூச்சை இழுத்து விடாமல் இருந்தால் ஊக்கும் போட முடிந்தது.

அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டுதான் எதிர்வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். தாமான் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பாரிட் புந்தார்க்காரர்கள். இருபத்தொரு தட்டு கொண்டுவந்து வரிசையாக மேசையில் வைத்திருந்தார்கள். கோபுரம் மாதிரி லட்டு, ஆப்பிள், பச்சையும் சிவப்புமாக ஆடுகிற ஜெல்லி, நடுவில் அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்த நிச்சயப் புடவை. மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. காலையில் மாத்திரை போட்டிருந்தேன், பார்லி தண்ணி குடித்திருந்தேன். சாப்பாட்டு வாசனை பின்னாலிருந்து வந்து என் கழுத்தைப் பிடித்தது.

"பாட்டி, வந்து அட்சதை போடுங்க" என்று பெண்ணின் அம்மா கூப்பிட்டாள். எல்லாரும் பார்க்கிறார்கள். ரவிக்கையும் பார்க்கப்பட வேண்டும் அல்லவா? கம்பு வேண்டாம் என்று நிமிர்ந்து நடந்தேன். அரிசியைக் கையில் எடுத்தது ஞாபகம் இருக்கிறது. ஜெல்லி ஆடியது. அப்புறம் மேசை ஆடியது. அப்புறம் மண்டபமே ஆடியது.

நான் பெண்ணின் தலையில் அட்சதை போடவில்லை. தட்டுகளின் மேல் என்னையே போட்டேன்.

கண்ணைத் திறக்க முடியவில்லை. காது மட்டும் நன்றாக வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். லட்டுகள் தரையில் உருண்டு ஓடுகிற சத்தம். ஒரு குழந்தை, "அம்மா, பாட்டி அன்னத்து மேல படுத்துட்டாங்க" என்றது. மாப்பிள்ளை வீட்டு ஆம்பிளை ஒருத்தர், "நாலு பேர் பத்தாது, இன்னும் ரெண்டு பேர் வாங்க" என்றார். (அவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே அவருக்கு நல்லது.) டப் டப் என்று ரவிக்கை ஊக்கு ஒவ்வொன்றாக விட்டது. யாரோ ஒரு புண்ணியவதி என்மேல் துண்டைப் போர்த்தினாள்.

என் தலை யாரோ மடியில் இருந்தது. யாருடையது என்று அந்தக் குரல் சொல்லிவிட்டது.

"பட்டினி கிடந்தாய்யா! சீனித் தண்ணி கொண்டாங்க! நாப்பத்தெட்டு கிலோ ஆகப் போறாளாம்! யாழினி சொல்லிட்டா எங்கிட்ட!" மாரியாயி எனக்கு மட்டும் சொல்லவில்லை, முழு மண்டபத்துக்கும் சொன்னாள். "ஏண்டி, அந்த நாப்பத்தெட்டு எந்தத் தராசுல நிறுத்தது? கிராணி தராசுலதானே? அது பத்துக்கு ஒண்ணு முழுங்குற தராசு! நம்ம மூட்டை எடையைத் தின்னுச்சுன்னு நீதானேடி அந்த ஆளோட சண்டை போட்டே! நீதானே மூட்டைக்குள்ள ஈரமண்ணை வச்சு சரிக்கட்டுனே!"

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறக்க முடிந்த பிறகும் திறக்கவில்லை.

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அந்தத் தராசு குறைத்துக் காட்டுகிறது என்று ஸ்டோர் வாசலில் நின்று கத்தினவள் நான்தான். திங்கட்கிழமை கத்தினேன். அதே வாரம் அதே தராசில் ஏறி நின்றுவிட்டு, நான் கொடி என்று ஐம்பது வருஷம் நம்பினேன். உலகத்தில் இருக்கிற எல்லாத் தராசையும் சந்தேகப்பட்டவள், எனக்குச் சாதகமாகப் பேசின ஒரே தராசை மட்டும் கேள்வியே கேட்கவில்லை.

சீனித் தண்ணி உள்ளே போனதும் எழுந்து உட்கார்ந்தேன். நிச்சயப் புடவையில் என் கன்னம் பட்ட இடத்தில் ஜெல்லி. அந்தப் பெண், நல்ல பெண், "பரவாயில்ல பாட்டி, இதுவும் ஆசீர்வாதம்தான்" என்றாள். அவள் சிரிக்காமல் சொன்னதற்காகவே அவள் கல்யாணத்தில் தங்கக் காப்பு போட்டேன்.

மறுநாள் மூத்தவன் காலிப் பெட்டியோடு வந்து நின்றான். கிளினிக்குக்கும் கூடவே வந்தான். "மிஸ், இவங்களைத் தனியா விட முடியாது. கூட்டிட்டுப் போறேன்" என்றான். வீட்டுச் சாவி என் கைக்குள் இருந்தது. அழுத்திப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்துவிட்டது.

ஷாமினி என் சர்க்கரையைப் பார்த்தாள், எடையைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள். "அண்ணே, பாட்டி தனியா இருந்தது பிரச்சினை இல்ல. சாப்பிடாம இருந்ததுதான் பிரச்சினை. இதை அவங்க காஜாங்லயும் செய்வாங்க."

"செய்வேன்" என்றேன்.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். கடைசியில், "சரி, ஆறு மாசம். எழுபத்தாறு வரலைன்னா பெட்டி கட்டணும்மா" என்றான்.

ஷாமினியிடம் கிராணி தராசைப் பற்றி நானே சொன்னேன். கூட வந்திருந்த யாழினி மறுபடி போனில் தட்டினாள். நிஜத்தில் நான் அன்றைக்கு ஐம்பத்து மூன்று கிலோ. அதுவும் பத்தொன்பது வயதில், ஒரு பிள்ளைகூடப் பெறாதபோது. ஷாமினி சிரிப்பை அடக்கக் குனிந்து எதையோ தேடினாள். தேடட்டும். அப்புறம் நிமிர்ந்து, "இப்ப எவ்வளவுக்கு இறங்கலாம் பாட்டி?" என்றாள்.

"எழுபத்தாறு. ஆனா தீபாவளி மாசத்துல நிறுக்கக் கூடாது."

"சரி" என்று எழுதிக்கொண்டாள்.

பட்டினியில் இறங்கினது, சோறு தின்றதும் பாதி திரும்பி வந்துவிட்டது. அப்புறம் ஒழுங்காக இறங்கினேன். மூன்று வேளையும் சாப்பிட்டேன், சோறு மட்டும் ஒரு சின்னக் கிண்ணம். டின் பால் தேத்தண்ணியை விட்டேன். எண்ணெயில் பொரிக்கிற கரிபாப்பை விட்டேன். (ஒரேயடியாக விடவில்லை. சனிக்கிழமை ஒன்று.) நாற்காலியில் உட்கார்ந்தபடி காலைத் தூக்கி இறக்கினேன். இது ஒரு வேலையா என்று திட்டிக்கொண்டேதான் செய்தேன். ஆறாவது மாசம் மூக்குத்தியைக் கழற்றப் போனபோது ஷாமினி கையைப் பிடித்தாள். "அது வேணாம் பாட்டி, ஏறுங்க."

எழுபத்தைந்து புள்ளி எட்டு. பழக்கதோஷத்தில், "நீ ஏறி நில்லு, பார்ப்போம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். பிறகு அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். நல்லதாகக் காட்டுகிற தராசைத்தானே முதலில் சோதிக்கணும்? அவள் ஐம்பத்து மூன்று. அவள்தான் ஒரு கிலோ ஏறியிருந்தாள்.

முட்டி மாற்றி நான்கு மாசம் ஆகிறது. போன வாரம் பாசாருக்கு நடந்து போனேன். மீன்காரன் தட்டைத் துடைத்தான்.

ஆனால் என் வீட்டில் இனி யாரும் பெருமை பேச முடிவதில்லை. பேரன் கணக்கில் தொண்ணூறு வாங்கினேன் என்றால், அவன் அப்பன், "கிராணி தராசுலயா, கிளினிக் தராசுலயா?" என்கிறான். இரண்டாவது மருமகள் தனக்கு முப்பத்தெட்டு வயது என்றாள். மேசையில் இருந்த பதினொரு பேரும் ஒரே குரலில், "கிராணி தராசு!" என்றார்கள். அதில் என் குரலும் இருந்தது.

சரி யாழினி, நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா? எங்கே, முதல்லேர்ந்து ஒருதரம் படி, கேட்போம். மெதுவா படி, அவசரமில்ல. எண்பத்தொண்ணுன்னு வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்க. வெளியே மாரியாயி செருப்புச் சத்தம் கேட்குது.