நம்பிக்கைக்குரிய ஒர்க்‌ஷாப்பும் என் மருமகனின் இடது காதும்

மனித குலம் நம்பிக்கை என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே, காரை யாரிடமாவது ரிப்பேருக்கு விட வேண்டும் என்பதற்காகத்தான். வில்லாபுரத்தில் எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் துணைச் செயலாளர் என்ற மாபெரும் பொறுப்பிலிருந்து இதைச் சொல்கிறேன்.

என் காரில் ஹார்ன் அடிக்கவில்லை. மதுரையில் பிரேக் இல்லாமல்கூட ஓட்டிவிடலாம், ஹார்ன் இல்லாமல் தெருமுனையைத் தாண்ட முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கோயிலில் தங்கை முனீஸ்வரியின் மகனுக்குக் காதுகுத்து. அவளுக்கு நான் ஒரே அண்ணன். தாய்மாமனாகப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமை உலகத்திலேயே எனக்கு மட்டும்தான். சீர்த்தட்டுகளோடு காரில் போய் இறங்க வேண்டும்.

முதலில் சூர்யபிரகாஷ் என்பவரின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்தார். ஒயர் அறுந்திருக்கிறது, அரை மணி நேரம் உட்காருங்கள் சார் என்றார். அவ்வளவுதான். எந்த ஊர் என்று கேட்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புவது? வண்டியைக் காப்பாற்றிக்கொண்டு தப்பி வந்தேன்.

சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. "நம்பகத்தன்மை" குறித்து விரிவாக விவாதித்து, நம்மை உறவு சொல்லி அழைப்பவரே நம்பத்தக்கவர் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். அதன்படி அழகுபாண்டியின் ஒர்க்‌ஷாப் "தேர்வு" செய்யப்பட்டது.

அழகுபாண்டி அற்பமான காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, எந்த ஊரு நமக்கு?"

ஊரைச் சொன்னேன். டீ வந்தது. தங்கை, காதுகுத்து, கோயில், கிடாவெட்டு, நல்ல நேரம் என்று எல்லாவற்றையும் அவர் கேட்கக் கேட்க ஒப்பித்தேன். டீ தீரும்போது நான் அவருக்கு அண்ணன், என் மனைவி மதினி. சீர்த்தட்டுகளை இப்போதே டிக்கியில் வைத்துவிட்டால் காலையில் அப்படியே கிளம்பிவிடலாம் என்று யோசனை சொன்னதும் அவர்தான். என்ன ஒரு அக்கறை! ஓடிப்போய் எடுத்து வந்து வைத்தேன்.

ஞாயிறு காலை ஒர்க்‌ஷாப் பூட்டிக் கிடந்தது. போன் போட்டேன். "டிரையல்ல இருக்கேண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வாடிக்கையாளர் வண்டியை ஓட்டிப் பார்க்காமல் ஒப்படைப்பது ஒர்க்‌ஷாப் தர்மத்துக்கே விரோதம். அந்தக் கடமையுணர்ச்சியை மெச்சியபடி நானும் மனைவியும் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டி வரை நின்றுகொண்டே போனோம்.

கோயிலுக்குள் ஓடினேன். பிள்ளை அழுதுகொண்டிருந்தான். வலது காது குத்தியாகிவிட்டது. அவன் உட்கார்ந்திருந்தது அழகுபாண்டியின் மடியில். அவருடைய மனைவி, மக்கள், மாமியார் எல்லோரும் முதல் பந்தியில் இருந்தார்கள்.

முனீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ அனுப்பிச்சதாத்தான் சொன்னாரு. வண்டி நம்ம வண்டி, சீரும் டிக்கில இருந்துச்சு. நீ போனை எடுக்கல, நல்ல நேரம் போகுது. நான் என்னண்ணே செய்யட்டும்?"

பஸ் இரைச்சலில் போன் அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. அழகுபாண்டிதான் என்னைத் தேற்றினார்.

"டிரையல் பாத்துத்தானண்ணே ஆகணும்? சும்மா ரிங் ரோட்டுல ஓட்டுறதுக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கே ஓட்டியாந்துட்டேன். ஒங்க தங்கச்சின்னா எனக்கு யாரு? இன்னும் ஒரு காது இருக்கு, நீங்க உக்காருங்க."

எனக்குரிய இடத்தில் பாதியை எனக்கே விட்டுக்கொடுத்தார். இடது காதுக்கு நான் உட்கார்ந்தேன். பிள்ளை என் மடியிலிருந்து அவரைப் பார்த்துக் கையை நீட்டி அழுதான். சபை முழுக்கச் சொந்தக்காரர்கள். ஏமாந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு நன்றி சொன்னேன்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அவர் வந்தார். "வண்டி ஜம்முனு ஓடுதுண்ணே. ஹார்ன மட்டும் இன்னும் பாக்கல. ரெண்டு நாள் நம்மகிட்டயே கெடக்கட்டும்."

தலையாட்டினேன். ஊர் திரும்பவும் பஸ்தான்.

அவரை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஒயரை மட்டும் பார்த்தவனை அயோக்கியன் என்று முடிவு கட்டுகிற எங்கள் தெருவில், அழகுபாண்டி எதற்காக பானட்டைத் திறக்க வேண்டும்?