கைகட்டி சொன்னாலும் செய்யாதே

திருவள்ளூர் மாவட்டத்தில், ஏன், இந்த உலகத்திலேயே, கம்ப்யூட்டரை ஒரு விரலால்கூடத் தொடாமல் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்து வயிறு வளர்த்த ஒரே மனிதர் கைகட்டிதான். இல்லை, இன்னொருத்தர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் அந்த ஆளைக் கூட்டி வாருங்கள். டீயும் வடையும் என் செலவு.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். காக்களூர் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும், “கைகட்டிக்கு ஒரு போன் போடு” என்பதுதான் பேச்சு. ஓட்டை ஸ்கூட்டரில் வருவார். உள்ளே நுழைவார். மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்று இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொள்வார். பார்த்தால் பண்ணையார் முன்னால் நிற்கிற மாதிரி அவ்வளவு பணிவாக இருக்கும். வாயைத் திறந்தால்தான் யார் பண்ணையார் என்று தெரியும்.

நான் அங்கே ஒரு வால்வு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் தமிழ் போய்த் தெலுங்கு வந்துவிடும். அவருடைய கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்துபோகிறது என்று கைகட்டியைக் கூப்பிட்டோம்.

“ம், கழட்டுங்க மொதலாளி.”

“யாரு, நானா?”

“பின்ன? பொட்டி உங்களுது. கையும் உங்களுது. என்னுது வாய் மட்டுந்தான்.”

“அதுக்குத்தான்யா உன்னைக் கூப்ட்டது! நான் எதுக்கு நைனா கழட்டணும்?”

“நான் கழட்டுனா நாளைக்கு எது கெட்டாலும் நான் தொட்டதாலதான்னு சொல்லுவீங்க. ஸ்க்ரூ டிரைவரு தோ கீது. புடிங்க.”

முதலாளி கழற்றினார். உள்ளே பஞ்சு மெத்தை போல் தூசி. அதற்குள் ஒரு கரப்பான் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்தது. “ஊதுங்க” என்றார் கைகட்டி. முதலாளி ஊதினார். அன்று முழுக்க அவர் தும்மிய தும்மலில் பட்டறையில் இரண்டு முறை மெஷினை நிறுத்திவிட்டு என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். மூடிப் போட்டதும் கம்ப்யூட்டர் கிண்ணென்று ஓடியது. காசு நீட்டினால் கைகட்டி வாங்கவில்லை. “கழட்டுனது நீங்க, தொடச்சது நீங்க. எனக்கு இன்னாத்துக்கு டப்பு? பெட்ரோலுக்குக் குடுங்க, போதும்.” அதற்குப் பிறகு ஒரு வாரம், கம்பெனிக்கு வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் தானே கம்ப்யூட்டரைக் கழற்றிப் பூட்டிய கதையை முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டு எங்களுக்குத்தான் பேஜாராகிவிட்டது.

ஏன் இப்படி என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தாராம். ஏதோ ஒரு முக்கியமான கணக்கு அழிந்துபோயிருக்கிறது. கடைசியாகத் தொட்டவர் இவர்தான் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். “நான் தொட்டது நெஜம், அழிச்சது நான் இல்ல ஸ்டோர்ஸு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் டீயைக் குடித்தேன், வேறு என்ன செய்ய? அவர் மனைவியோ அதையெல்லாம் மதிக்கிறவர் இல்லை. “வெளியில இன்னா வேணா பண்ணிக்க. ஊட்ல கையக் கட்டுனா சோறு கெடையாது” என்று தேங்காயையும் அருவாமனையையும் எடுத்து முன்னால் வைத்துவிடுவார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து கூப்பிட்டால் அவ்வளவு தூரம் போக மாட்டார். போனிலேயே வேலை முடிந்துவிடும். “மவுஸப் புடிச்சியா? மேல போ. இப்ப ஆமாவா, இல்லையான்னு கேக்குதா? ஆமாவ அமுக்கு.” எதிர்முனையில் இருப்பவர் பயந்துகொண்டே அமுக்குவார், கம்ப்யூட்டர் உயிர் பெறும். கை வைக்காதவன்தான் யோக்கியன் என்று எங்கள் பேட்டையே நம்பியது. பொட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டுபோய், உள்ளே இருக்கிற நல்ல சாமானை உருவிக்கொண்டு பழசை மாட்டி அனுப்புகிற ஆட்களை நாங்கள் நிறையப் பார்த்திருந்தோம்.

அவருடைய மாணவர்களில் முதலிடம் ஸ்டெல்லாவுக்கு. எங்கள் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்த பெண். அப்பா அம்மா கழனி வேலை செய்தவர்கள். கணவர் இல்லை, ஒரே மகள். கைகட்டி சொல்லச் சொல்ல அமுக்கியே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, சரக்கு அனுப்பும் பிரிவில் பில் போடும் நாற்காலிக்கு வந்துவிட்டாள். “ஸ்டெல்லா மாதிரி சொன்ன பேச்சு கேக்கணும். ஒரு கேள்வி கேக்குதா பாரு!” என்று கைகட்டி எல்லோரிடமும் பீற்றிக்கொள்வார். மகளின் நர்சிங் படிப்புக்காக ஓவர்டைம் செய்து, சீட்டுக் கட்டி, பணத்தை வங்கியில் போட்டு வைத்திருந்தாள் ஸ்டெல்லா. மகளுக்கென்று ஒரு பழைய லேப்டாப்பும் வாங்கியிருந்தாள். வாங்கிக் கொடுத்ததும் கைகட்டிதான். அதையும் தொடாமல்தான் வாங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து ஸ்டெல்லா லேப்டாப்பைத் திறந்திருக்கிறாள். மகளின் கல்லூரி விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான். திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. ஆம்புலன்ஸ் மாதிரி ஊளைச் சத்தம். வைரஸ் புகுந்துவிட்டது, அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடு என்று எழுதியிருந்தது. அவள் முதலில் கூப்பிட்டது கைகட்டியைத்தான். ஒருத்தர் பொட்டி முன்னால் நிற்கும்போது இன்னொருத்தருடன் பேச மாட்டேன் என்று போனை அணைத்து வைக்கிற பழக்கம் அவருக்கு. அன்றைக்கும் யார் வீட்டிலோ கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். பாவி மகள், திரையில் இருந்த எண்ணைப் போட்டுவிட்டாள்.

அவன் எவ்வளவு நிதானமாகப் பேசினான் தெரியுமா? பதறாதீங்க மேடம் என்றானாம். நாங்கள் எதையும் தொட மாட்டோம், நான் சொல்லச் சொல்ல நீங்களே செய்யுங்கள் என்றானாம். ஒரு செயலியை இறக்கச் சொன்னான், இறக்கினாள். அதன் வழியாக அவள் திரை முழுக்க அவனுக்குத் தெரிந்தது. பாதுகாப்பைச் சோதிக்க வேண்டும், வங்கிக் கணக்கைத் திறங்கள் என்றான், திறந்தாள். போனுக்கு வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான், படித்தாள். கைகட்டியின் முதல் மாணவி ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை.

மறுநாள் காலை என்னிடம் வந்து, “அண்ணா, அவன் நம்ம சார் மாதிரியே பேசுனான்ணா. தொட மாட்டேன், நீயே பண்ணுன்னான். அதான் நல்லவன்னு நெனச்சிட்டேன்” என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எப்போது வந்தாரோ தெரியவில்லை, எங்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன்? அடித்திருந்தால்கூட மனிதர் அப்படிக் குறுகியிருக்க மாட்டார்.

வங்கிக்கு ஓடினார்கள். சைபர் கிரைமில் புகார் கொடுத்தார்கள். கொஞ்சம் பணத்தை நடுவழியில் மடக்க முடிந்தது. மீதி போனது போனதுதான். அன்று மாலை ஸ்டெல்லா வீட்டில் கைகட்டி, “நகரும்மா” என்று சொல்லி லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தார். அதில் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றப் போகிறாராம். கட்டிய கைகள் பிரிந்ததை அன்றுதான் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, இத்தனை வருஷம் தொடாததில் அவருக்கு டைப் அடிப்பதே மறந்துபோயிருந்தது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் கோழி கொத்துவதுபோலக் கொத்தினார். வேறொரு நாளாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். ஸ்டெல்லாவின் மகள் அந்த வருஷம் கல்லூரிக்குப் போகவில்லை. அம்மாவோடு வேலைக்குக் கம்பெனி வேனில் ஏறினாள்.

அதற்குப் பிறகு கைகட்டிக்கு வேறு பைத்தியம் பிடித்தது. கம்பெனி கம்பெனியாகப் போய், தான் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் திருப்பி எடுக்க ஆரம்பித்தார். “பொட்டி கத்துனா ஒயரப் புடுங்கு. பேட்டரி வெச்சதா, பட்டனப் புடிச்சி அமுக்கி அணை. ஒரு சொம்பு தண்ணி குடி. தெரிஞ்ச ஆளுகிட்ட நேர்ல எடுத்துனு போ. எந்தக் கம்பெனிக்காரனும் உன் திரையில நம்பர் எழுதி என்னைக் கூப்டுன்னு கத்த மாட்டான். போன்ல எவன் சொன்னாலும் செய்யாத. நான் சொன்னாலும் செய்யாத.”

சொன்னால் போதாது என்று சோதனை வேறு. நடு மதியத்தில் முதலாளிக்கே போன் போட்டார்.

“மொதலாளி, கைகட்டி பேசறேன். ஒரு செயலி அனுப்பிக்கீறேன், எறக்கி வைங்க.”

“சரி நைனா” என்று அவரும் இறக்கிவிட்டார்.

அரைமணியில் ஸ்கூட்டர் வந்து நின்றது. “இன்னா மொதலாளி, எவன் சொன்னாலும் எறக்கிருவீங்களா? இப்ப உங்க கம்பெனி மொத்தமும் என் பையில கீது, தெரியுமா?” முதலாளிக்குத் தெலுங்கு வந்தது. சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி வந்தது. எனக்கும் போன் போட்டார், நானும் மாட்டினேன். ஸ்டெல்லாவுக்குத்தான் அதிகமாகப் போடுவார். குரலை மாற்றிப் போடுவார், அழுதுகொண்டு போடுவார், ஊர்பேர் தெரியாத எண்ணிலிருந்து போடுவார். அவள் ஒவ்வொரு தடவையும், “வேணாம் சார், நீங்க நேர்ல வாங்க” என்று வைத்துவிடுவாள். ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. சோதனை என்று தெரிந்ததால்தான் செய்யவில்லையோ, நிஜமாகவே ஒருத்தன் கேட்டால் மறுபடியும் ஏமாந்துவிடுவாளோ என்று என்னிடம் புலம்புவார். நாளாக ஆக அவர் பெயரைத் திரையில் பார்த்தால் பேட்டையில் ஒருத்தரும் போனை எடுப்பதில்லை. வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. “பரவால்ல ஸ்டோர்ஸு, உஷாராயிட்டாங்க” என்று அதற்கும் சந்தோஷப்பட்டார். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு அந்த அம்மா எப்படிக் குடும்பம் நடத்தினாரோ!

போனில் வழி சொல்வதையும் அடியோடு நிறுத்திவிட்டார். எதுவானாலும் நேரில்தான். அடுத்த வருஷம் ஆடி மாசத்தில் ஒருநாள், கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆலையில் பிரின்டர் ஓடவில்லை. ஒயரைப் பிடுங்கி மாட்டு என்று போனில் சொன்னால் தீர்ந்திருக்கும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கவரைப்பேட்டை பக்கம் மழைச் சேற்றில் வண்டி வழுக்கிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து, பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். போன் சுக்குநூறு. பக்கத்துக் கட்டில்காரரின் போனை வாங்கிக் கூப்பிட்டிருக்கிறார். ஓயாமல் போட்டுப் போட்டு அவருக்கு மனப்பாடமாகியிருந்த எண் ஸ்டெல்லாவுடையதுதான்.

“ஸ்டெல்லா, நான்தாம்மா. கீழ வுழுந்துட்டேன். பொன்னேரில, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆஸ்பத்திரில கீறேன். ஆபரேசனுக்கு முன்பணம் கட்டணுமாம். ஊட்டுக்கு சொல்லு. கொஞ்சம் இந்த நம்பருக்கு அனுப்பிவுடும்மா.”

“நீங்க சாராவே இருந்தாலும் அனுப்ப மாட்டேன் சார்” என்று வைத்துவிட்டாள். வைத்தவள் நேராக ஸ்டோர்ஸுக்கு ஓடிவந்தாள்.

“அண்ணா, வண்டிய எடுங்க.”

“இன்னாம்மா, மறுபடியும் சோதனையா? அந்த ஆளுக்கு வேற வேலை இல்ல.”

“இருக்கட்டும்ணா. குரல் ஒரு மாதிரி கீது. பொய்யா இருந்தா போயி திட்டிட்டு வருவோம்.”

வழியில் அவள் ஏ.டி.எம்.மில் இறங்கிப் பணம் எடுத்துக்கொண்டாள். பெரியபாளையத்தில் அம்மன் கோயிலுக்கு வந்த வேப்பிலைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. நான் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நிஜமாகவே படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வலியைச் சொல்லவில்லை.

“பணம் அனுப்புனியா?”

“இல்ல சார்.”

“ஏன்? என் குரல் தெரியலயா?”

“தெரிஞ்சுது சார். தெரிஞ்சாலும் அனுப்பக் கூடாதுன்னீங்களே. அதான் கையில எடுத்துனு வந்துட்டேன். ஆஸ்பத்திரில கட்டிட்டேன். ஊட்டுக்கும் சொல்லிட்டேன், அக்கா வந்துனு கீறாங்க.”

மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். நர்ஸ் ஊசியோடு ஓடிவந்து, “ரொம்ப வலிக்குதா ஐயா?” என்று கேட்டார். “வலி கெடக்குதும்மா” என்றார் கைகட்டி. “இந்தப் பொண்ண இனிமே எவனும் ஏமாத்த முடியாது.” ஸ்டெல்லா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வருஷம் அவள் மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே மனசு தாங்காது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை, சளி, காய்ச்சல் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து, பொங்கலுக்கு முன்னால் போய்விட்டார். பேட்டையில் பாதிக் கம்பெனி அன்று ஷிப்டை விட்டுவிட்டு வந்து நின்றது. முதலாளி மாலையைப் போட்டுவிட்டு, ஓரமாகப் போய்த் தெலுங்கில் அழுதார்.

இப்போது ஒரு மனிதரின் குரலை அப்படியே நகல் எடுத்துப் பேசுகிற மோசடி வந்துவிட்டதாம். செத்தவர்களின் குரலில்கூடப் பேச வைக்க முடியுமாம். ஸ்டெல்லா எங்கேயோ படித்துவிட்டு வந்து, உஷாரா இருங்கண்ணா என்று எனக்குப் பாடம் நடத்தினாள். சரிம்மா என்றேன். ஆனால் என்றாவது ஒரு மத்தியானம் போன் அடித்து, “இன்னா ஸ்டோர்ஸு, நான்தான், அந்த ஆமாவ அமுக்கு” என்று அந்தக் குரல் கேட்டால், திருட்டுப்பயல்தான் பேசுகிறான் என்று நன்றாகத் தெரிந்தாலும், நான் அமுக்கிவிடுவேன்.