மிளகுக்கு மீசை முளைத்த கதை

பொய் சொல்லத் தைரியம் வேண்டும். ஆனால் அது இல்லாதவர்கள்தான் அதிகம் பொய் சொல்கிறோம். (கையில் டிக்கெட் இருக்கும்போதே கண்டக்டரைப் பார்த்தால் எனக்கு வியர்க்கும்.)

ஒரு கல்யாணத்தில் சேந்தமங்கலத்துக் கவிதாவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜாதகம் பொருந்தி, இரண்டு குடும்பத்துப் போட்டோக்களும் கைமாறிவிட்டன. பாக்கி இருந்தது அவள் அப்பாதான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை மேலே இருக்கும் வாசலூர்பட்டிக்கு வந்து எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாராம்.

அவரைக் குளிர்விக்க ஒரு யோசனை செய்தேன். பாகம் பாகமாக வரும், நாமே ஒட்டி வண்ணம் பூசி நிறுத்தும் ராணுவ வீரர் பொம்மை ஒன்றைப் பெரிதாகக் கூடத்தில் வைப்பது. அதுவரை நான் ஒட்டியது சைக்கிள் டியூப் மட்டும்.

சேந்தமங்கலம் கடைகளில் விரல் நீளப் பச்சைச் சிப்பாய்கள்தான் கிடைத்தார்கள். போனில் தேடினால் 1/35, 1/16, 1/6 என்று வந்தது. எனக்குப் பகீரென்றது. எங்கள் மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் 1/70, 2/70 என்று பலகை இருக்கும். எழுபதில் ஒன்று, எழுபதில் இரண்டு. அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அப்படியானால் 1/35 என்பது முப்பத்தைந்து பார்சலில் முதலாவது! ஆறே பார்சலில் முடிகிற வீரர் போதும் என்று, “ஆறும் சேர்த்து அனுப்புங்க” என்று ஆன்லைன் கடைக்காரருக்கு எழுதினேன். அவரும் மறுபேச்சில்லாமல் அனுப்பினார்.

சனிக்கிழமை சேந்தமங்கலம் கூரியர் ஆபீஸில் ஆறு பெட்டிகளையும் வாங்கிக்கொண்டேன். எல்லாவற்றிலும் 1/6. பஸ்ஸில் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன். தலை, கை, கால், பூட்ஸ் எல்லாம் இருந்தன. முழு ஆள். அடுத்ததைப் பிரித்தேன், அதிலும் அதே ஆள். ஒரே ஆளுக்குப் பதில் ஆறு பேர்!

அப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் பெட்டியை அவசரமாக மூடினேன். போட்டோவில் பார்த்த அதே மீசை. கவிதாவின் அப்பா! ஒரு நாள் முன்னாலேயே, சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்குக் கிளம்பிவிட்டார்.

“ஏனுங்க தம்பி, பொட்டியில என்னங்க?”

“மிளகுங்க.”

“கொல்லிமலைக்கா?”

கொல்லிமலையிலிருந்து மிளகு இறங்கும். ஏறி யாராவது பார்த்திருக்கிறார்களா? முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

எந்தச் சாமியும் வரவில்லை. வளைவு வந்தது. மடியிலிருந்த பெட்டி சரிந்து, எலுமிச்சம்பழ அளவில் ஒரு தலை உருண்டு ஓடியது. “அய்யோ, தலை!” என்று முன் சீட்டு அம்மா காலைத் தூக்கிக்கொண்டார். செய்வினை என்று யாரோ முணுமுணுத்தார்கள். பஸ்ஸோடு சேர்த்து என்னைக் கொளுத்திவிடுவார்களோ என்றுகூட நினைத்தேன்.

கவிதாவின் அப்பா காலை நீட்டித் தலையை நிறுத்தினார். எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“உங்க மிளகுக்கு மீசை மொளைச்சிருக்குதுங்க, மாப்பிள்ளை.”

ஏறும்போதே என்னை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார்! அழுகை வந்துவிட்டது. வெளியே தெரிந்த பலகையைக் காட்டி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் பலகையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

“அது மேப்புல போடற கணக்குங்க. நெச ஆளு அளவுல ஆறுல ஒரு பங்குன்னு அர்த்தம்.”

மலை உச்சி வரை அந்தத் தலையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கம்கூடத் திரும்பாமல் கீழே போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். கதை முடிந்தது என்று வீட்டில் படுத்துவிட்டேன். போன் அடித்தபோதெல்லாம் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் கவிதாவே கூப்பிட்டாள். “பொய் சொன்னா ஒரு வளைவுகூடத் தாங்க மாட்டீங்களாமா. அப்பா சொன்னாருங்க. இந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும்.”

கல்யாணம் நடந்தது. மீதி ஐந்து வீரர்களும் எங்கள் கூடத்தில் காவல் நிற்கிறார்கள். (ஒருவனுக்குப் பூட்ஸ் இடம் வலம் மாறிவிட்டது.) வளைவுப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் கவிதா என்னைப் பார்ப்பாள். நான் வெளியே பார்ப்பேன்.

ஆனால் அந்த பஸ் பயணத்தைவிட நான் பயந்தது பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில். நர்ஸ் வந்து பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டேன். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

“ஒண்ணு வந்துருச்சுங்க, மாப்பிள்ளை. மீதி அஞ்சு பார்சல் எப்பங்க?”